ரெண்டு பாக்கெட் ரவை

நான் துப்பாக்கி சுடுகிறவள் என்று சொன்னால் இந்த ஊரில் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் ஓரடி தள்ளி நிற்கிறார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்காது. பகலில் குவீன்ஸ்டவுனில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. வாரத்தில் நான்கு சாயங்காலம், இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஓர் இலக்கு அட்டையோடு மல்லுக்கட்டு. ஏழு வருஷமாக இதுதான் பிழைப்பு. அணித் தேர்வில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினேன். இரண்டு தடவையும் உம்மா, "இந்தக் கருமத்த விட்டுட்டு கடைக்கு வா"ன்னாங்க. கோபத்திலேயே மூன்றாவது தடவைக்குப் பயிற்சி எடுத்தேன்.

சிங்கப்பூரில் துப்பாக்கியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது சங்கத்தின் ஆயுத அறையிலேயே பூட்டிக் கிடக்கும். தோட்டாவை எண்ணித் தருவார்கள், எண்ணித்தான் திரும்ப வாங்குவார்கள். அறுபது கொடுத்தால், சுட்டு முடித்த வெற்றுக் கூடும் சுடாமல் மிஞ்சியதும் சேர்ந்து அறுபது வரவேண்டும். அதோடு விடமாட்டார்கள். கிளம்பும்போது பையைக் கவிழ்த்துக் காட்டி, சட்டைப் பையை வெளியே இழுத்துவிட்டு, "என்னிடம் தோட்டா இல்லை, கூடும் இல்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். ராணுவச் சேவை முடித்த ஆண்களுக்கு இது பழகின பாடம். எனக்கு அது வீட்டிலும் வாயில் வந்துவிடும். செருப்பைக் கழற்றும்போதே முணுமுணுப்பேன். "பேய் ஓட்டுறியா?" என்று உம்மா கேட்பாங்க.

அப்படிப்பட்ட நான்தான் அந்த வெள்ளிக்கிழமை தப்புச் செய்தேன்.

முப்பத்தெட்டாவது தோட்டா வெடிக்கவில்லை. எப்போதாவது இப்படி ஒன்று வரும். சொன்ன நேரம் காத்திருந்து, வெளியே எடுத்து, அந்தக் கோடியில் இருக்கும் மஞ்சள் டப்பாவில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அடுத்த சுற்றுக்கு மணி அடித்துவிட்டது. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று என் சிவப்புப் பையின் பக்கவாட்டு அறையில் செருகினேன். அந்த அறையின் உள்துணியில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும், ஆறு மாதமாகத் தைக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுட்டு முடித்த கையோடு இளமதி வந்தாள். எங்கள் அணியின் மேலாளர், என் வயதுதான், என் சண்டைக்கெல்லாம் ஈடு கொடுக்கிற ஒரே ஆள். கையில் புது நீலப் பை, அதில் என் பெயர்.

"பாங்காக் போட்டிக்குப் போற, ஹம்னா. மூணு வாரத்துல."

அப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை. கைதட்டினார்கள், கட்டிப்பிடித்தார்கள். பழைய பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் புதுப் பைக்கு மாற்றினேன். எண்ணுகிறவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே அறுபது என்று எழுதிக்கொண்டார். நான் பல்லெல்லாம் தெரிய, "என்னிடம் தோட்டா இல்லை, கூடும் இல்லை" என்று சொன்னேன். ஏழு வருஷத்தில் அதை ஒரு பாட்டு மாதிரிச் சொன்னது அன்றைக்குத்தான்.

செங்காங் வீட்டுக்கு வந்து பழைய பையை நாற்காலியில் வீசினேன். மறுநாள் காலையில் உம்மா அதில் கடைச் சாமானைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாங்க. தேக்கா பக்கம் உம்மாவுக்குச் சின்னதாக ஒரு பசியாறும் கடை. சாயிராக்கா கடை என்றால் எல்லாருக்கும் தெரியும்.

கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கும் முத்துராமன் அண்ணன் ஆறு வருஷமாக அங்கேதான் பசியாறுகிறார். அன்று மதியம் ஊருக்குப் போகிறார், ஒரு மாத விடுப்பு. மகள் பிறந்து ஐந்து மாதமாகிறது, இன்னும் கையில் வாங்கவில்லை. காலையில் பையோடு வந்தவருக்குக் கடை வாசலிலேயே ஜிப் பிய்ந்துவிட்டது. ஊருக்குப் போகிறவருக்குப் பை கொடுப்பதில் எங்கள் ஆட்கள் யோசிப்பதே இல்லை. உம்மா என் சிவப்புப் பையைக் காலி பண்ணி, அவர் துணியை மடித்து வைத்து, குழந்தைக்கு ஒரு சட்டையும் வைத்து, அவர் தோளிலேயே மாட்டிவிட்டாங்க.

பன்னிரண்டு மணி வாக்கில் சங்கத்தில் மறுபடி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஐம்பத்தொன்பது.

நான் வேலையில் இருந்தேன், போன் லாக்கரில். இளமதி உம்மாவைக் கூப்பிட்டாள். அவளுடையது யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அவர்கள் வீட்டில் துப்பாக்கிக்குள் போடுவதற்கும் ரவை என்றுதான் பெயர். கடையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், புல்லட் என்று கத்தி பீதியைக் கிளப்ப வேண்டாம் என்று நல்ல தமிழில் கேட்டிருக்கிறாள்.

"ஆன்ட்டி, ஹம்னாவோட பழைய பையில ரவை ஏதாச்சும் கெடக்கா, பாருங்களேன்."

"இருந்துச்சுமா. காலையிலயே எடுத்து டப்பால கொட்டிட்டேன்."

"கொட்டிட்டீங்களா? எத்தன இருந்துச்சு?"

"ரெண்டு பாக்கெட்."

இளமதி போனை மறு காதுக்கு மாற்றினாளாம்.

"ஆன்ட்டி, அந்த டப்பா இப்ப எங்க இருக்கு?"

"அடுப்புக்குப் பக்கத்துலதான். பாதிய வறுத்தாச்சு. மீதிய இனிமேதான் வறுக்கணும்."

"வறுக்காதீங்க ஆன்ட்டி. அடுப்ப அணைச்சிட்டு எல்லாரும் வெளிய வந்துடுங்க, ப்ளீஸ்."

"வறுக்கலேன்னா கட்டி தட்டிப் போயிடும்மா. நீ வா, உனக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கிறேன்."

அடுத்த நிமிஷம் பல் மருத்துவமனை முகப்பில் எனக்கு இளமதியின் அவசர அழைப்பு. விஷயத்தைக் கேட்டதும் முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தேன். "லூசு, அது உப்புமா ரவை."

அவளும் சிரித்தாள். அப்புறம் மெதுவாக, "அப்ப நம்ம ரவை எங்க?" என்றாள்.

மஞ்சள் டப்பா, மணிச் சத்தம், பக்கவாட்டு அறை என்று எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. உம்மாவைக் கூப்பிட்டேன். "பையா? முத்துராமன் தம்பிக்குல்ல குடுத்தேன். பதினொன்றரைக்கே கெளம்பிட்டாரே."

திருச்சி விமானம் மூன்று பத்துக்கு. அவர் போனுக்கு ஏழு தடவை அடித்தேன். மனைவியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாராம், லைன் கிடைக்கவில்லை. ஐந்து மாதக் குழந்தைக்கு விமான நிலையத்தைச் சுற்றிக் காட்டுகிற மனுஷனை எப்படித் திட்டுவது?

இளமதி சொன்னாள்: "டாக்சி எடுத்துப் போ. அவர்கிட்ட இருந்து வாங்கிட்டு நேரா இங்க கொண்டு வந்துடு. பெரிசாக்க வேணாம் லா. திங்கள்தான் பேர் லிஸ்ட் போகுது."

ஒரு நிமிஷம் அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை. ஏழு வருஷம். நீலப் பையில் என் பெயர். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும்.

ஆனால் நான் குவீன்ஸ்டவுனில் இருக்கிறேன், அவர் சாங்கி விமான நிலையத்தில் இருக்கிறார். நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பை சோதனை எந்திரத்துக்குள் போய்விட்டால்? "இது என் பை இல்ல சார்" என்று அவர் சொல்வார். பிடிபடுகிற எல்லாரும் சொல்வது அதைத்தானே. வேலை அனுமதி போகும், மகள் முகம் பார்க்காமலே உள்ளே போக வேண்டிவரும். அப்படியே நான் முந்திக்கொண்டாலும், அனுமதியில்லாமல் ஒரு தோட்டாவோடு டாக்சியில் ஊரைச் சுற்றுவேன். தப்பை மறைக்க இன்னொரு தப்பு. ஏழு வருஷமாக உரக்கச் சொன்னதற்கு அப்புறம் என்ன அர்த்தம்?

"நான் போலீசுக்குச் சொல்றேன்" என்றேன்.

"ஹம்னா, யோசிச்சுக்க. லைசென்சே போயிடும்."

"போகட்டும். அது என்னோட ரவை."

போலீசிடம் என் பெயர், உரிமத்தின் எண், முத்துராமன் அண்ணனின் பெயர், விமானம், பையின் நிறம் எல்லாம் சொன்னேன். இடது பக்க அறை, உள்துணியில் ஓட்டை, அதற்குக் கீழே பாருங்கள் என்றேன். வைத்தது நான், அவருக்கு எதுவும் தெரியாது என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அழுகை வந்துவிட்டது, அந்தக் கோபத்தில் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

டாக்சியில் போகும் வழியெல்லாம் ஓட்டுநர் வெயிலைப் பற்றிப் பேசினார்.

புறப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலையைத் தடுத்து வைத்திருந்தார்கள். தூரத்தில் ஒரு மேசையில் என் சிவப்புப் பை தனியாகக் கிடந்தது. முத்துராமன் அண்ணன் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"தங்கச்சி, சத்தியமா நான் எதுவும் வைக்கல."

"தெரியும்ணே. வச்சது நான்" என்று தமிழிலும், அப்புறம் அதிகாரிக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

கையுறை போட்ட ஒருவர் நான் சொன்ன இடத்திலிருந்து அதை எடுத்தார். சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. இவ்வளவு சின்னதற்கா ஒரு மனுஷன் இப்படி வேர்த்து நிற்க வேண்டும் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அண்ணனிடம் கேள்வி கேட்டார்கள், எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பத்துக்கு அந்த அதிகாரி, முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண், பையை அவரிடமே கொடுத்து, "இவர் போகலாம்" என்றார். அண்ணன் நாலு எட்டு ஓடினார், திரும்பி வந்தார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"புள்ளய மொதல்ல கையில வாங்குங்க. ஓடுங்கண்ணே."

அவர் போன பிறகு அதிகாரி என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்கள் தகவல் எங்களுக்கு வந்தபோது அவர் பையைச் சோதனைக்குக் கொடுக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இரண்டே பேர்."

அதைக் கேட்டதும் அண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பாங்காக் போனாலும் போகாவிட்டாலும் அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டேன் என்று அந்த நாற்காலியில் வைத்துத்தான் தெரிந்தது.

என் வாக்குமூலம் நான்கு மணி நேரம். உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். திங்கட்கிழமை சங்கத்தின் குழு முன்னால் நின்று ஒன்று விடாமல் சொன்னேன். நான் முடித்ததும் இளமதி எழுந்தாள். "சத்தமில்லாம முடிச்சிடலாம்னு சொன்னது நான். அவதான் கேக்கல. அதையும் எழுதிக்குங்க" என்றாள். அவளை நான் எத்தனையோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவளுக்கு என் சொத்தையே எழுதிக் கொடுத்திருப்பேன், சொத்து இருந்திருந்தால். போலீஸ் முடிவு வரும்வரை என் பெயர் பட்டியலில் இருக்கட்டும் என்றது குழு.

முடிவு வரும்வரை சுடுதளத்துக்குள் கால் வைக்க முடியாது. கை பழக்கம் விட்டுவிடுமே என்று தினமும் சமையலறைச் சுவரைப் பார்த்து நின்று, ஒரு கிலோ ரவை டப்பாவை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். உம்மா கடிகாரம் பார்த்து நேரம் சொன்னாங்க. ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கடைக்கு வா என்று கூப்பிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. கடும் எச்சரிக்கை, உரிமம் திரும்பக் கிடைக்கும். சங்கத்துக்குப் போனால் ஒவ்வொருவர் மேடையிலும் ஒரு மஞ்சள் டப்பா வைத்திருந்தார்கள்.

பாங்காக்கில் பாதி ஆட்டத்தில் எனக்கு மறுபடி ஒரு தோட்டா வெடிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கியை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு கையைத் தூக்கினேன். நடுவர் வந்து பார்த்து, அதை எடுத்து அவர் டப்பாவில் போட்டார். அது விழுந்த சத்தம் கேட்கும்வரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அப்புறம் அந்த ஐந்து தோட்டாச் சுற்றை மறுபடி சுட்டேன். ஐந்தும் நடுவிலேயே விழுந்தன. வெள்ளிப் பதக்கம். இளமதி கத்திய கத்தலில் காவலர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்துராமன் அண்ணன் விமான நிலையத்திலிருந்து நேராக உம்மா கடைக்கு வந்தார். உட்காரவில்லை. சிவப்புப் பையை மேசையில் வைத்து ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்தார், அறைகளை வெளியே இழுத்துவிட்டார். உள்துணி ஓட்டையை அவர் மனைவி நீல நூலால் இரட்டைத் தையல் போட்டு அடைத்திருந்தார். தோசை தின்றுகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் நிமிர்ந்து நின்றார்.

"எங்கிட்ட தோட்டா இல்ல, கூடும் இல்ல. என் சம்சாரம் குடுத்த ரவைதான் இருக்கு, ரெண்டு பாக்கெட்."

போனில் மகளைக் காட்டினார், அவர் தோளில் உம்மா வாங்கிய சட்டையோடு தூங்குகிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உம்மா என் பதக்கத்தைத் தன் கழுத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு, பாக்கெட்டுகளைக் கையில் வாங்கி எடை பார்த்தாங்க.

"இளமதிக்கு ஒரு போன் போடு. வறுக்கலாமான்னு கேட்டுக்குவோம்."