தையல்காரர் மகளின் உயரம்

தன்னைத் தான் அறிவதே ஞானத்தின் உச்சி என்று பெரியவர்கள் சொல்லிப் போனார்கள். தையல்காரர் மகளுக்கு அந்த உச்சி நான்கு வயதிலேயே வாசல் நிலையில் இடித்தது. தன்னைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ அதுவே அவள் உயரம். அன்று "உலகத்துலயே நான்தான் வேகமா ஓடுவேன்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்திருந்தாள். நெற்றிப் புடைப்புக்கு எண்ணெய் தடவ அம்மா ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் போனதும் ஒப்பீடு வந்தது. அத்தை மகள் முதல் மார்க்கோடு வீட்டுக்கு வரும் நாளெல்லாம் இவள் தையல் மெஷினின் மிதிப்பலகைக்கடியில் உட்காரும் அளவுக்குக் குறைந்தாள். "பட்டன் டப்பாவுல விழுந்துடாதடி" என்றார் அப்பா, ஊசியில் நூல் கோத்தபடி. பாவாடை மடிப்பைப் பிரிப்பதும் மறுபடி அடிப்பதுமாக அவருக்கு ஆண்டுகள் போயின.

பதினாறில் நிலைமை மோசம். தோழிகளிடம் ஓர் உயரம், அப்பாவிடம் வேறு. எதிர்வீட்டுப் பையன் பார்த்தால் ஒன்று, பார்க்காமல் போனால் இன்னொன்று. பஸ்ஸில் முழு டிக்கெட்டாக ஏறி அரை டிக்கெட்டாக இறங்கினாள். படுத்தால் கால் கட்டிலுக்கு வெளியே நீளும், உள்ளே போகும், தூக்கம் ஏது? "இதுல எதுடி நீ?" என்று அம்மா கேட்டால் அழுகை வந்தது, அழுதால் உயரம் இன்னும் குறைந்தது.

வேலை எதிலும் தங்கவில்லை. துணிக்கடையில் பாராட்டினார்கள், தலை ஃபேனில் பட்டது. மருந்துக்கடையில் திட்டினார்கள், கல்லாவுக்குப் பின்னால் காணாமல் போனாள். கடைசியாக ஒரு லாட்ஜில் வரவேற்பு வேலை. இதுவும் போனால் ஆயுள் முழுக்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுக்க வேண்டியதுதான். டை கட்டிய மேலாளர் சாய்ந்துகொண்டு, "உங்களப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார். மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தாள்: "நான் ரொம்பப் பொறுப்பானவ, எல்லாரையும் அனுசரிச்சு..." தலை ட்யூப்லைட்டைத் தொட்டது. மேலாளர் அண்ணாந்து, "ம், அப்புறம்?" என்றார். வெட்கத்தில் மேசைக்குக் கீழே போனாள். அவர் குனிந்து, "கேக்கலம்மா, சத்தமா" என்றார். ஏறி இறங்கி அலுத்துப்போய்ச் சொன்னாள்: "கணக்கு வரும் சார். கோபமும் வரும். அத்தை மக அளவுக்கு இல்ல. எங்கப்பா பீத்திக்கற அளவுக்கும் இல்ல."

சொல்லி முடித்தபோது ஓர் உயரத்தில் நின்றிருந்தாள். சற்றுப் பொறுத்துப் பார்த்தாள், அசையவில்லை. "நாளைக்கு வந்துடுங்க" என்றார் மேலாளர், அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தபடி. வேலையும் நிலைத்தது, உயரமும் நிலைத்தது. லாட்ஜ் கவுண்ட்டர் அந்த உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். தரை துடைக்கிற பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் நின்றுதான் வேலை பார்க்கிறாள்.