கண்ணாடி வீட்டுத் தேயிலை

எடின்பரோவுக்கு வந்து மூன்று வாரமாகியும் அந்தோனியம்மாவுக்கு வாயைத் திறக்க மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. அன்று காலையிலும் மகள் ஷெரோமி தன் சட்டதிட்டங்களை ஒப்பித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

"லயத்துக் காம்பரா, காலையில பேர் குடுக்குற பெரட்டுன்னு தோட்டத்துக் கதை எதையாச்சும் உளறி வைக்காதம்மா. அப்பா எஸ்டேட் ஆபிஸ்ல பெரிய கிளாக்கர். நீ வீட்டுல இருந்த. அம்புட்டுதான். இன்னிக்கு நல்லபடியா போச்சுன்னா சாயந்தரம் கல்யாணத் தேதி குறிச்சிருவாங்க."

புருஷன் இக்னேசியஸ் உயிரோடிருந்தவரை தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேறெதையும் பிடித்தவரில்லை. செத்த பிறகு பேனா பிடித்துவிட்டார். நல்ல உத்தியோக உயர்வுதான் போங்கள்!

மாப்பிள்ளை லோஜனின் அம்மா ஜீவராணிதான் ஊரைச் சுற்றிக் காட்டினாள். யாழ்ப்பாணத்து டீச்சர், இங்கே வந்து இருபது வருடம். கோட்டைக்குப் போகும் கல் பாவிய ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. இலங்கையில் வட்டகொடைத் தேயிலை மலையில் முப்பத்தொரு வருடம் ஏறி இறங்கிய அந்தோனியம்மாவுக்கு அதெல்லாம் ஓர் ஏற்றமா? ஆனாலும் வீட்டிலிருந்த பொம்பளை மாதிரித் தெரியவேண்டுமே என்று அவளும் நின்று நின்று நடந்தாள். வழியெல்லாம் மகள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் "ஓம் மாமி, ஓம் மாமி" என்று குழைந்ததைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் ஒரு பூங்காவின் கண்ணாடி வீட்டுக்குள் போனார்கள். உள்ளே நல்ல புழுக்கம். மூலையில், பெயர்ப்பலகை குத்திய தொட்டியில், ஒரு தேயிலைச் செடி. அட கர்த்தரே! கவனிப்பாரில்லாமல் முற்றிக் கிடந்தது. மற்ற இருவரும் வாழை மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தோனியம்மா கிட்டப் போய்ப் பார்க்கத்தான் நினைத்தாள். கை கேட்டால்தானே? முற்றல் இலையை ஒடித்து எறிந்தது; இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிச் சேர்த்தது; பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால், முதுகிலே இல்லாத கூடைக்குள் வீசியது.

கொழுந்து அத்தனையும் பின்னால் வந்து நின்ற ஜீவராணியின் கோட்டில் விழுந்தது.

ஜீவராணி ஓர் இலையை எடுத்துப் பார்த்தாள். "நீங்கள் தோட்டத்தில கொழுந்து பிடுங்கினனீங்களோ?"

ஷெரோமியின் முகம் வெளுத்துவிட்டது. "இல்லை மாமி! அங்க வேலை செய்யிற ஆக்களைப் பார்த்துப் பழகினவா. என்னம்மா?"

ஆமாங்க, இந்தக் கையால் பறித்துத்தான் இவளைப் படிக்க வைத்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மகளின் கண்கள் கெஞ்சின.

"ஆமாங்க. எங்க வீட்டுக்கு வர்ற வேலைக்காரிங்கள பாத்துப் பழகுனது."

"அதுதானே!" ஜீவராணி நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். "நான் ஒரு நிமிசம் பயந்தே போனன்."

அந்தோனியம்மாவும் கூடவே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயந்தரம் தேதி குறித்தார்கள். திரும்பும் பஸ்ஸில் ஷெரோமி அம்மாவின் தோளில் சாய்ந்து, "தேங்க்ஸ்மா" என்றாள்.

அந்தோனியம்மா தோளை விலக்கிக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு நான் வரணுமாடி, இல்ல அம்மாவுக்கும் வேற ஆளு பாத்துட்டியா?"