கருணாகரனுக்கு ஒரு குதிரை

1

இந்தக் கதை ஒரு பழைய ரேஸ் புத்தகத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கல்மண்டபத்தில் எடைக்குக் காகிதம் வாங்கும் கடையொன்றில் அது கிடைத்தது: தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை, கிண்டியில் ஓடவிருந்த குதிரைகளின் பட்டியல். ஓரங்களில் பென்சில் குறிப்புகள், சாய்வில்லாத, ஒழுங்கான கையெழுத்தில். 'எடை கூடுதல்.' 'வளைவில் சோம்பல்.' 'மழை பெய்தால் மட்டும்.' கடைசி ரேஸில் ஒன்பதாம் எண், பேர்ல் பட்டன் என்ற பெண்குதிரை. அதற்கு எதிரே, 'கருணாவுக்கு மட்டும்.'

மற்ற குறிப்புகள் எல்லாம் குதிரைகளைப் பற்றியவை. இது ஒன்றுதான் மனிதரைப் பற்றியது. புத்தகத்தைப் பத்து ரூபாய்க்கு வாங்கிவந்தேன். மீதி முழுவதும் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: துறைமுகக் கிரேன்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் மெல்ல—

(நிறுத்திவிட்டேன். வடசென்னையை எழுதப் புகுகிறவர்கள் எல்லாரும் முதலில் அந்தக் கிரேன்களிடம்தான் போகிறார்கள். லட்சுமணன் அவற்றை நிமிர்ந்து பார்த்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: லட்சுமணன் தம் வாழ்நாளில் ஒரு ரூபாய்கூடக் குதிரைமேல் கட்டியதில்லை.

இது நிற்கும்.

வியாசர்பாடிக் குடியிருப்பில் வசித்த லட்சுமணனுக்கு விம்கோ நகர் ஆலையொன்றில் நேரக் காப்பாளர் வேலை. ஆறு நாள் மனிதர்கள் வரும் நேரத்தைக் குறிப்பார். வேலையில்லாத விடியலில் கிண்டிக்குப் போய்க் குதிரைகள் பயிற்சியில் ஓடும் நேரத்தைக் குறிப்பார். இரண்டுக்கும் ஒரே கடிகாரம். வெள்ளிக்கிழமை மாலை அவருடைய முன்கணிப்பு ராயபுரத்து அச்சகத்தில் ரோஜாநிறத் தாளில், ஒற்றைப் பக்கமாக அச்சாகும். சனிக்கிழமை திருவொற்றியூரில் ரயிலேறிக் கடற்கரையில் மாறிக் கிண்டியில் இறங்குவதற்குள் பெட்டி முழுக்க ரோஜாநிறமாகிவிடும். முன்பின் தெரியாதவர்கள் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பார்கள். "மூணாவது ரேஸ்ல இன்னா நைனா?" என்று ஒருவர் கேட்டால் நான்குபேர் பதில் சொல்வார்கள். அந்தத் தாளின் மை விரலில் ஒட்டும். ரேஸ் முடிந்து வீட்டுக்கு வந்து கைகழுவினால்தான் போகும்.

அவர் எழுதியதில் நான்கில் ஒன்று பலித்தது. முன்கணிப்பு எழுதுகிற எவருக்கும் அதற்குமேல் பலிப்பதில்லை. அதை அவர் தாளின் அடியிலேயே அச்சிட்டுவந்தார், யாரும் படிக்கவில்லை.*

* அடியில் இருப்பதை எவரும் படிப்பதில்லை. நீங்கள் படிக்கிறீர்கள் என்பதற்காக நன்றி.

3

நெட்டுக்குப்பத்துக் கருணாகரன் அந்த ரயில்பெட்டியில் சேர்ந்த நண்பர். விசைப்படகொன்றில் பங்குக்காரர். ஒருநாள் அவருடைய மனைவி பச்சையம்மா, மீன்கூடையோடு ஆலை வாசலுக்கே வந்து நின்றாள்.

"அண்ணே, சனிக்கெயம ஆனா அந்தாளு கடலையே திரும்பிப் பாக்கமாட்டேங்குது. நான் சொன்னா ஏறுமா? நீ சொன்னா கேக்கும். இன்னா பண்ணுவியோ பண்ணு, நிறுத்திடு."

அறிவுரை சொன்னால் கருணாகரன் சிரிப்பார் என்று லட்சுமணனுக்குத் தெரியும். ஆகவே வேறொன்று செய்தார். அந்த வாரத்துப் பட்டியலிலேயே மோசமான குதிரையைத் தேடினார். ஏழு வயது, பதினெட்டு ஓட்டம், ஒருமுறைகூட முதல் மூன்றில் வந்ததில்லை, முன்னங்காலில் பழைய காயம். 'இது உனக்கு மட்டும்' என்று கருணாகரனின் காதில் சொன்னார். இருநூறோ முந்நூறோ போகும். மனம் வெறுத்துப்போய்க் கடலுக்குத் திரும்புவார். கணக்கு அவ்வளவுதான்.

வளைவில் முன்னால் போன இரண்டு குதிரைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அகல, உள்வேலியோரம் திறந்த சந்தில் பேர்ல் பட்டன் நுழைந்து வந்துவிட்டது. கட்டிய ஒரு ரூபாய்க்கு முப்பது.

இந்தக் கதையின் நடுப்பகுதி இப்போது வருவது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த கருணாகரன் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்தார். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. முந்தின நாள் படகுப் பங்கை விற்றிருந்தார். விற்ற காசு மொத்தமும் ஒன்பதாம் எண்ணின்மேல் இருந்தது.

லட்சுமணன் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தார். பித்தம் என்று நினைத்துக் கருணாகரன் சோடா வாங்கிவந்து, அவர் குடித்துமுடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தார்.

4

அதன்பிறகு கருணாகரன் கிண்டிப் பக்கமே போகவில்லை. அந்தப் பணத்தில் பழைய கடன்களை அடைத்து, சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கினார். அம்மன் பெயர்களும் பிள்ளைகளின் பெயர்களும் தாங்கிய படகுகளுக்கு நடுவே 'பேர்ல் பட்டன்' என்று எழுதிய படகு இருபத்தொன்பது ஆண்டுகள் அலையேறியது. பெயருக்கு என்ன பொருள் என்று யார் கேட்டாலும், "எங்க லட்சுமணன் கண்ணு" என்பார். எண்ணூரிலிருந்து காசிமேடுவரை அந்தக் கண்ணின் புகழ் பரவியது. பச்சையம்மா சனிக்கிழமைதோறும் மீன் கொடுத்தனுப்பினாள். வஞ்சிரமோ, சங்கராவோ, ஒன்றும் இல்லாத நாளில் நான்கு நெத்திலியோ வந்துசேரும். நிறுத்தச் சொன்னதற்கு நிறுத்திக் காட்டியவர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

லட்சுமணன் அந்த மீனை இருபத்தொன்பது ஆண்டுகள் சாப்பிட்டார்.

(அதற்குள் ஒருநாளாவது உண்மையைச் சொல்லியிருக்கமாட்டாரா என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்தக் கதையின் இரண்டாம் கையெழுத்துப் படியில் நானும் கேட்டேன். அவரைப் பலமுறை நெட்டுக்குப்பத்துக்கு அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் கருணாகரன் படகைக் காட்டினார். லட்சுமணன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.)

5

இப்போது லட்சுமணனுக்கு எழுபது வயது. ரோஜாநிறத் தாள் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. முன்கணிப்பைக் கைப்பேசியில் தட்டெழுதி நாற்பதுபேர் உள்ள குழுவுக்கு அனுப்புகிறார். பதிலுக்குக் கட்டைவிரல் படங்கள் வருகின்றன. எவர் விரலிலும் மை ஒட்டுவதில்லை.

கல்மண்டபத்துத் தேநீர்க் கடையில் அவர் நாளைய பெங்களூர் ரேஸைப் பார்த்துக்கொண்டிருந்த காலையில், கருணாகரன் தோள்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இன்னா மாமு, ஆள் வந்தது தெரிலியா? போனுக்குள்ள பூந்துக்கினு கீற?"

"தெரிஞ்சிச்சி. உனுக்கு முன்னாடி உன் மீன் வாசன வந்துச்சே."

"அது பழைய வாசன நைனா. சட்டைய வுட்டுப் போவமாட்டேங்குது." தேநீருக்குக் கைகாட்டினார். "வண்டிய வித்துட்டேன்."

வண்டி என்றால் படகு. முகத்துவாரம் தூர்ந்துபோனது, படகின் அடியில் விரிசல் விழுந்தது, எல்லாம் லட்சுமணனுக்குத் தெரிந்தவை. விற்றது தெரியாது.

"வித்த காசுல புதுசு வராது. பாதி வரும். பாதி வண்டில கடலுக்குப் போவ முடியுமா? அதான் மத்தியானம் பெங்களூரு ரயிலு. நீ ஒரு குதிர சொல்லு. ஒண்ணே ஒண்ணு. மொத்தமும் கட்டிட்டு, திங்கக்கெயம வண்டியோட வரேன்."

(முதற்படியில் கருணாகரனுக்குப் பேராசை கொடுத்திருந்தேன். கதை எளிதாக முடிந்தது. ஆனால் அவர் என்னை மதிக்கவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் கட்டாமல் இருந்த ஒருவர் பேராசைக்காரராக இருக்க முடியாது. அவருக்கு வேண்டியது ஒரு படகு. அதில் பாதி கையில் இருக்கிறது.)

"பச்சையம்மாக்குத் தெரியுமா?"

"வந்தப்புறம் தெரியும். மின்ன அப்டிதான தெரிஞ்சிச்சி?"

லட்சுமணன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"கருணா, அன்னிக்கி அந்தக் குதிர ஜெயிக்கும்னு நான் சொல்லல."

"பின்ன?"

"தோக்கும்னு சொன்னேன். அதவுட நொண்டி அன்னிக்கி புக்லயே இல்ல. நீ தோத்து, பேஜாராயி, கடலுக்குப் போவன்னு நெனச்சேன். நீ மொத்தத்தையும் எடுத்துக்கினு வந்தது எனுக்குத் தெரியாது."

கருணாகரன் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடித் தம்ளர் அதிரும்படி மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"நீதான்யா தோஸ்து! என்ன அனுப்பக்கூடாதுன்னு உன் பேரையே கலீஜ் பண்ணிக்கிற பாரு. இன்னா மன்சன்யா நீ."

"சத்தியமா சொல்றேன். உன் பொண்டாட்டிதான் வந்து கேட்டுச்சி, நிறுத்திடுன்னு."

"அதான பாத்தேன். அவ போன் பண்ட்டாளா?"

"இப்ப இல்ல, அப்ப!"

"சரி, அப்ப. டீயக் குடி, ஆறிடும்."

உண்மையைச் சொன்னால் நட்பு போய்விடும் என்றுதான் லட்சுமணன் இத்தனை ஆண்டுகள் அஞ்சியிருந்தார். உண்மை நம்பப்படாது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை, இந்தக் காட்சியை மன்னிப்பில் முடிப்பதாகத்தான் இருந்தேன்.

"நான் சொல்லலன்னா?"

"நீ சொல்லலன்னா நானே ஒண்ணப் பாத்துக் கட்டிக்கிறேன்," என்றார் கருணாகரன், எந்த மிரட்டலும் இல்லாமல். "ஆனா உன் கண்ணு எனுக்கு ஏது?"

6

மறுப்புக்கும் பயனில்லை, உண்மைக்கும் பயனில்லை என்றானபின் மிஞ்சியது ஓர் எண். லட்சுமணன் கைப்பேசியை நிமிர்த்தினார். நாளைய ஐந்தாம் ரேஸ், ஆயிரத்து நானூறு மீட்டர். அவர் காலையில் எழுதிவைத்த முன்கணிப்பை அப்படியே தருகிறேன். ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

1. ராயல் சம்மன்ஸ்: அறுபது கிலோ. கடைசி மூன்றில் இரண்டு வெற்றி. எல்லாரும் இதைத்தான் கட்டுவார்கள். ஆகவே வென்றாலும் கிடைப்பது குறைவு.

2. நைட் ஃபெர்ரி: நல்ல ஓட்டக்காரன், ஆனால் தூரம் புதிது. வந்தால் இரட்டிப்பு.

3. டெக்கான் ரோஸ்: பயிற்சியில் வேகம், ரேஸில் சோம்பல்.

4. சால்ட் மார்ச்: ஐந்து மாத ஓய்வுக்குப் பிறகு வருகிறது. ஒன்றும் சொல்வதற்கில்லை.

5. லிட்டில் அம்பயர்: வயது அதிகம். மற்றவை தடுமாறினால் மட்டும்.

முதல் எண்ணைச் சொன்னால் வெற்றி பெற்றாலும் படகு வராது. இரண்டைச் சொன்னால் வரலாம். நான்கில் மூன்று முறை வராது. வேண்டுமென்றே மோசமானதைச் சொல்வது என்ற வழி ஒருமுறை முயலப்பட்டது. ஆறாவது வழியொன்று இருக்கும் என்று ஏழு படிகள் எழுதினேன். ஒன்றில் ரயில் தவறியது. ஒன்றில் பச்சையம்மா வந்து பையைப் பிடுங்கினாள். இரண்டும் லட்சுமணனைக் காப்பாற்ற நான் செய்த சூழ்ச்சிகள் என்று வெளிப்படையாகத் தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

எழுதியவனுக்கு இதற்குமேல் உரிமையில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் லட்சுமணனின் நாற்காலியில் உட்காருங்கள். தேநீர் ஆறிவிட்டது. கருணாகரன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் துளி ஐயமும் இல்லை.

எண்ணைச் சொல்லுங்கள். சொன்னதும் ஏன் என்று கேட்கமாட்டார், எழுந்துவிடுவார். சொல்லாவிட்டாலும் எழுந்துவிடுவார்.