இன்னாசிக்கு எடம்

விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் சர்வர் அறையில் ஜானட் முட்டி போட்டு, ஏசி வலையில் அப்பியிருந்த கரித்தூளைப் பிரஷால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எண்ணூர்க் காற்று எந்த இடுக்கையும் விட்டுவைக்காது. பிறகு செத்துப்போன பேட்டரிகளை ஒவ்வொன்றாக வெளியே சுமந்தாள். கம்ப்யூட்டர் வேலை நாற்காலி வேலை என்பவர்கள் அவள் இடுப்பைக் கேட்க வேண்டும்.

ஒரே லினக்ஸ் இயந்திரம். அதற்குள் ஒன்பது மெய்நிகர் சர்வர்கள், ஒண்டுக் குடித்தனம் மாதிரி. எதற்கு எவ்வளவு டிஸ்க் இடம் என்று வரம்பு கட்டுவது ஜானட்டின் வேலை. கேட் கேமராவும் விரல்ரேகைப் பதிவும் ஏழாவது சர்வரில். அதைத் திறக்கத்தான் அவளுக்குப் பயம். 'உள்ளே இருப்பவர்கள்' பட்டியலில் இன்னாசி இன்னும் இருந்தார்.

டிரெய்லருக்கும் கன்டெய்னருக்கும் நடுவே நசுங்கிச் செத்துப் பத்தொன்பது நாள். உள்ளே வர விரல் வைத்தவர், வெளியே போக வைக்கவில்லை. அவருடைய டியூட்டி நேரம் மட்டும் நிமிடம் நிமிடமாக ஏறிக்கொண்டிருந்தது. பெயரை எடுத்துவிட ஜானட்டுக்கு மனசு வரவில்லை. தனியாக இருக்கும்போது கதவுப் பக்கம் அவர் செருமுவது கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

எட்டு மணிக்கு, அவளோடு வேலை பார்க்கும் ஃபர்ஹானை அழைத்துக்கொண்டு முதலாளி ஆறுமுகநயினார் வந்தார்.

"ஏழாம் நம்பருக்கு எவ்வளவு எடம் குடுத்திருக்க?"

"எண்ணூறு ஜிபி சார்."

"நூறாக்கு."

ஜானட் மனசுக்குள் கணக்குப் போட்டாள். இடம் நிறைந்தால் அந்தச் சர்வர் பழைய பதிவுகளைத் தானாகவே அழிக்கும். நூறில் மூன்று நாள் பதிவுதான் தங்கும். ஷிப்ட் முடிந்து வெளியே போன இன்னாசி, குடித்துவிட்டுத் திரும்பி வந்து விழுந்தார் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். அவர் வெளியே போகவேயில்லை, மூன்று ஷிப்ட் தொடர்ந்து வேலை வாங்கப்பட்டார் என்பதற்கு அந்தச் சர்வர் மட்டுமே சாட்சி. நாளை தொழிலாளர் துறை விசாரணை.

"அப்ப இன்னாசி அண்ணன் பதிவெல்லாம் பூடும் சார்."

"அழிக்கவா சொன்னேன்? எடத்தக் கொறைக்கத்தான சொல்லுதேன். யார் கையும் படாது, பாத்துக்க."

டிரெய்லரும் அப்படித்தான், யார் கையும் படாமல் கொன்றது.

"என்னால ஆவாது சார்."

"அப்ப வீட்டுக்குப் போ. ஃபர்ஹான், நீ உக்காரு."

ஃபர்ஹான் உட்கார்ந்தான். இரண்டு தங்கைகளைக் கரையேற்ற வேண்டியவன். ஜானட் அவனைக் குறை சொல்லாமல் வெளியே ஓடி, கிரேன் ஓட்டும் சவரிநாதனிடம் விஷயத்தைக் கொட்டினாள். கிரேன் நின்றது. பக்கத்துக் கிரேனும் நின்றது. நாற்பது பேரோடு அவர்கள் திரும்பியபோது, ஃபர்ஹான் பட்டியலையே வெறித்துக்கொண்டிருந்தான். கைகள் மடியில் இருந்தன.

"இன்னாசி நைனா உள்ளதான் கீறாரு சார்," என்றான். "ஆள் கீற வூட்ட எப்டி சார் இடிக்கிறது?"

முதலாளி வாசலில் நின்றவர்கள்மேல் பாய்ந்தார். "சவரிநாதா, டிஸ்க்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமாடே?"

"தெரியாது மொதலாளி. இன்னாசிக்கு எடமில்லன்னு சொல்றீங்களாமே. அது தெரியுது."

சவரிநாதன் வாசலிலேயே குந்தினார். நாற்பது பேரும் குந்தினார்கள். ஃபர்ஹான் எழுந்து வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டான். முதலாளி ஃபோனில் வெளியாள் யாரையோ அவசரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வருகிறவன் இவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஜானட் கடைசியாக உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் நவுந்து குந்து தாயி," என்றார் சவரிநாதன். "பக்கத்து யார்டு ஆளுங்களும் வந்துகினு கீறாங்க."