பரீட்சைக்கு வந்த நாலு ரோடு

செங்காட்டுப்புதூர்ப் பக்கத்தில் கைப்பேசியில் படிக்கிற பாடம் படித்த இடத்திலேயே தங்கிவிடும். ஆள் எழுந்து போனாலும் பாடம் போகாது. ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரத்து மூன்றாவது சீட்டில் யார் உட்கார்ந்தாலும், இறங்கும்வரை அவர்களுக்கு இயற்கணிதம் தெரியும். கீரைக்கட்டோடு ஏறுகிறவர்கள் எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடித்துவிட்டு, சந்தையில் இறங்கியதும் அதை மறந்து வியாபாரத்தைப் பார்ப்பார்கள்.

அந்தப் பாடத்தை அங்கே விட்டுவைத்தவள் சுகந்தி. பனியன் கம்பெனியில் தையல் வேலை. உட்கார்ந்து படிக்க அவளுக்கு ஏது நேரம்? கிடைத்த இடத்தில் போனைத் திறப்பாள், உள்ளேயிருந்து வாத்தியார் பாடம் நடத்துவார். இயற்கணிதம் பஸ்ஸில், வடிவியல் மாவு மில்லில், நிகழ்தகவு நாலு ரோட்டு டீக்கடைப் பெஞ்சில். பத்தாம் வகுப்பில் கணக்கு ஒன்றுதான் பாக்கி. அது பாஸாகிவிட்டால் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. அந்த வேலை மேல் அவளுக்கு அப்படியொரு ஆசை. மெஷின் முன்னால் குனிந்தே கிடந்தவளுக்கு, ஓடுகிற பஸ்ஸில் நிமிர்ந்து நின்று, ஊரையே உள்ளே தள்ளிப் போகச் சொல்லி அதட்ட வேண்டும்.

போன தடவை விவரம் தெரியாமல் தனியாகப் போய், பரீட்சைத்தாளில் தன் நம்பரை மட்டும் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை உஷாராக இருந்தாள். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஹாலுக்குள் போன் கூடாது. இடங்களுக்குத் தடையில்லை.

ஹாலைப் பார்த்துக்கொண்ட மெர்சி டீச்சர் அவளருகே வந்தார். "உனக்கு எந்த எடம் வேணும் கண்ணு?"

"மொதல்ல ஏழாம் நம்பர் பஸ்ஸுங் டீச்சர்."

பியூன் மாரப்பன் போய் அழைத்து வந்தார். பஸ் ரிவர்ஸிலேயே உள்ளே வந்து பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றது. சுகந்தி மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து மளமளவென்று எழுதினாள். பயணிகள் நல்ல மாதிரி, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பியதும் மாவு மில் வந்தது. முக்கோணங்கள் மேல் கொஞ்சம் கேழ்வரகு மாவு படிந்தது. ஊதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

கடைசிக் கணக்கு நிகழ்தகவு. அதுவரை எழுதியதைக் கூட்டிப் பார்த்தாள். இது இல்லாமல் பாஸ் இல்லை.

"நாலு ரோடுங் டீச்சர்," என்றாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. அந்தப் பக்கம் நாலு ரோடு இல்லாத ஊரே கிடையாது. எந்த ஊர் நாலு ரோடு என்று அவளும் சொல்லவில்லை, மாரப்பனும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குப் போய்ப் பக்கத்து ஊர் நாலு ரோட்டைக் கூட்டி வந்துவிட்டார். ரோட்டுக்கு ஒரு ஜன்னலாக உள்ளே வந்து நான்கும் கரும்பலகைக்கு முன்னால் கூடின.

"பரீட்சை நடக்குது, ஆரும் ஹாரன் அடிக்காதீங்க," என்று மெர்சி டீச்சர் லாரிக்காரர்களிடம் சொன்னார்.

சுகந்தி டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நிகழ்தகவு வரவில்லை. அங்கே யாரோ ஆடு வளர்ப்பு படித்து வைத்திருந்தார்கள். தீவனம், குடற்புழு மருந்து, பிரசவம் என்று கடகடவென்று தலைக்குள் ஏறியது.

"இது எங்கூரு நாலு ரோடு இல்லீங்ணா."

மாரப்பன் தலையைச் சொறிந்தார். "திருப்பிக் கொண்டுபோயி வுட்டுட்டு வர்றதுக்குள்ள மணி அடிச்சிருமே அம்மிணி."

சுகந்திக்கு அழுகை முட்டியது. கைக்கு எட்டிய வேலை நழுவிப் போகிறதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேள்வியைப் படித்தாள். ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால், ஒரு தலையாவது விழுவதற்கான நிகழ்தகவு என்ன?

நாணயத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆட்டைப் பற்றி எல்லாமே தெரிந்தது. ஓர் ஆடு இரண்டு குட்டி போட்டால் இரண்டும் கிடாயாக இருக்கலாம். இரண்டும் பெட்டையாக இருக்கலாம். கிடாய் முந்திக்கொண்டு பெட்டை பின்னால் வரலாம், இல்லை பெட்டை முந்திக்கொள்ளலாம். ஆக நாலு வழி. அதில் மூன்று வழியில் ஒரு பெட்டையாவது உண்டு. நாலில் மூன்று என்று எழுதினாள். ஈன்ற ஆட்டுக்கு வெதுவெதுப்பாக வெல்லத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதினாள். மணி அடித்தது.

கோடை முடிகிற சமயத்தில் தபால்காரர் குமரேசன் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"பாஸாயிட்டீங்க்கா! ரெண்டு கையெழுத்துப் போடுங்க. சான்றிதழுக்கு ஒண்ணு, குட்டிகளுக்கு ஒண்ணு."

சந்தோஷத்தில் இரண்டு கையெழுத்தையும் ஒரே இடத்தில் போட்டாள். குமரேசன் கேரியர் கூடையிலிருந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளை இறக்கிவிட்டார். சுகந்தி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

ஒன்று கிடாய். மற்றது பெட்டை. விடை சரிதான்.