நாகலிங்கத்தின் முகம்

கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் புவாட்டின் கடையில் போட்டோ எடுப்பார்கள், பேனர் அடிப்பார்கள், கல்யாணக் கார்டும் செய்வார்கள். பழைய கம்ப்யூட்டர் ஒரு இடி மழையில் செத்துப் போனதால் நானா புதிதாக ஒன்று வாங்கினார். அதில் என்ன மென்பொருள் போடுவது என்ற பொறுப்பைச் சுகந்தினியிடம் விட்டார். இரத்தினபுரிக்குப் போய் டிசைனிங் படித்தவள் அந்தக் கடையில் அவள் ஒருத்திதான்.

அவள் படித்தது போட்டோஷொப்பில். அதற்கு மாதாமாதம் கட்ட வேண்டும். கூடப் படித்த ஒருவன் பூட்டு உடைத்த பிரதி தருவதாகச் சொன்னான். நானா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“களவுச் சாமான் கடைக்குள்ள வாணாம் தங்கச்சி. வேற என்ன இருக்குண்டு பாருங்க.”

வேறு இரண்டு இருந்தன. ஒன்று கிம்ப். இலவசம்தான். ஆனால் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்ய வேண்டும். பழகிய பொத்தான்கள் பழகிய இடத்தில் இல்லை. ஒரு முகத்தைத் துப்புரவாக்கி முடிப்பதற்குள் சுகந்தினிக்குக் கண் எரிந்தது. மற்றது புதிதாக வந்த ஒன்று. மங்கிய படத்தைக் கொடுத்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும், முகம் பளிச்சென்று வந்து நிற்கும். பரு, சுருக்கம், கண்ணுக்கடியில் கறுப்பு எதுவும் மிஞ்சாது.

“ரெண்டுலயும் வேல ஒரே மாதிரி வருமா?” என்று கேட்டார் நானா.

“ஒரே மாதிரிதாங்க நானா. இதுல கெதியா, ஒரு நொடியில முடியும், அவ்வளவுதான்.”

அப்படியில்லை என்று அவளுக்குத் தெரியும். படத்தில் இல்லாததை எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாது, வேறு ஆட்களின் முகங்களைப் பார்த்து அது ஊகிக்கிறது என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பளபளப்பு பிடித்திருந்தது. சிங்களக் கல்யாணப் பெண்கள் “ஹரிம லஸ்ஸனய் நங்கி”, ரொம்ப அழகாயிருக்கு தங்கச்சி, என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கிம்ப் திறக்கப்படாமலே கிடந்தது.

அப்படி இருக்கும்போதுதான் விஜயகலா வந்தாள். சுகந்தினி இருக்கும் அதே ரப்பர் தோட்டத்துக்காரி, மேல் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவள். அவள் புருஷன் நாகலிங்கம் ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் குளவி கொட்டிச் செத்துப் போயிருந்தார். வருசத் திதிக்கு வைக்க ஒரு பெரிய படம் வேண்டும் என்றாள்.

“தனியா எடுத்த படம் ஒன்னுமே இல்ல தங்கச்சி. திருவிழாவுல எடுத்தது, போன்ல இருக்கு. கூட்டத்துல நிக்கிறாரு பாரு, காவடிக்கு அந்தாண்ட.”

முகம் ஒரு விரல் நகத்தளவுதான் இருந்தது. சுகந்தினி அதை வெட்டியெடுத்துப் பட்டனை அழுத்தினாள். தெளிவான ஒரு மனிதன் திரையில் வந்தான். இரண்டு புருவமும் ஒரே மாதிரி வளைந்திருந்தன. பல் வரிசை ஒழுங்காக இருந்தது.

சுகந்தினிக்கு நாகலிங்கத்தைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் சிரித்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஒரு புருவத்தில் தழும்பு இருந்தது. இது அவரில்லை, அவருடைய தம்பி என்று சொல்லலாம், அல்லது யாரோ. கிம்ப்பில் உட்கார்ந்தால் நாளைக்கும் வேலை இழுக்கும். தோட்டத்து பஸ் புறப்படும் நேரம் வேறு. அவள் பிரிண்ட் எடுத்துச் சட்டம் போடக் கொடுத்துவிட்டாள்.

படத்தை வாங்க வந்த அன்று விஜயகலா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “நல்லா இருக்கு தங்கச்சி” என்று சேலைத் தலைப்பால் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். சுகந்தினிக்கு அப்பாடா என்றிருந்தது.

திதி முடிந்து சில நாள் கழித்து விஜயகலா திரும்பவும் கடைக்கு வந்தாள். குறை சொல்ல வரவில்லை. கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“தங்கச்சி, அவருக்குத் தழும்பு எந்தப் பக்கம் இருந்துச்சு? உனக்கு ஞாபகம் இருக்கா?”

“ஏங்கக்கா?”

“தெனம் வெளக்கு வச்சி அந்தப் படத்தத்தான் பாக்குறேன். இப்ப கண்ண மூடுனாலும் அந்தப் படம்தான் வருது. பழைய முகம் வர மாட்டேங்குது. இத்தன வருசம் கூட இருந்த மனுசன். ஒரு வருசத்துல மறந்துட்டேனே, நானெல்லாம் என்ன பொம்பள?”

சுகந்தினிக்கு உண்மை தெரியும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். “படத்தப் பெருசாக்குனா கொஞ்சம் அப்படித்தாங்கக்கா இருக்கும்” என்றாள். விஜயகலா தலையாட்டினாள். “படத்துல ஒன்னும் கொற இல்ல தங்கச்சி. என் புத்திதான் சரியில்ல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு சுகந்தினிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு பிறந்தநாள் பேனரில் பிள்ளையின் பெயரையே பிழையாக அடித்தாள். என்ன நடந்தது என்று நானா கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள், இரண்டும் ஒன்றுதான் என்று அவரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் சத்தம் போடவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“எனக்கு மிசின் வெளங்காது. ஒங்கள நம்பித்தானே வுட்டேன்” என்றார். பிறகு, “மொதல்ல அந்தப் பொம்பளக்கிட்ட போய்ச் சொல்லுங்க” என்றார்.

மூலப் படம் கம்ப்யூட்டரில் இருந்தது. சுகந்தினி கிம்ப்பைத் திறந்து உட்கார்ந்தாள். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினாள், பின்னாலிருந்த காவடித் துணியின் சிவப்பு முகத்தில் விழுந்திருந்ததைக் குறைத்தாள். இல்லாத எதையும் சேர்க்கவில்லை. வந்தது சின்னப் படம்தான், புள்ளி புள்ளியாக, ஓரம் மங்கி. ஆனால் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேல் லயத்துக்கு ஏறிப் போனாள். விஜயகலா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் மாலையோடு அந்தப் பெரிய படம் தெரிந்தது. சுகந்தினி உட்காரவில்லை.

“அக்கா, நீங்க ஒன்னும் மறக்கல. அந்தப் படத்துல இருக்குறது அண்ணன் முகமே இல்ல. கம்ப்யூட்டர் சும்மா செஞ்சது. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

விஜயகலாவுக்கு முதலில் புரியவில்லை. திரும்பச் சொல்ல வைத்தாள். புரிந்ததும் கையிலிருந்த விறகைக் கீழே போட்டாள்.

“அப்ப கடையில வச்சி கேட்டப்போ ஏன் சொல்லல?”

சுகந்தினி கொண்டுவந்திருந்த சின்னப் படத்தை எடுத்து நீட்டினாள்.

“யாரோ ஒருத்தனுக்கு வெளக்கு வச்சி, யாரோ ஒருத்தனப் பாத்து அழுதிருக்கேன். என்னையே நான் என்னென்ன சொல்லித் திட்டுனேன் தெரியுமா?” உள்ளே போய் மாலையைக் கழற்றி, சட்டத்தைக் கொண்டுவந்து சுகந்தினியின் கையில் திணித்தாள். “இத எடுத்துட்டுப் போ.”

பிறகுதான் சின்னப் படத்தை வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் என்ன செய்கிறது என்று பார்க்கச் சுகந்தினிக்குத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவருதான்” என்றாள் விஜயகலா மெதுவாக. பிறகு, “நீ போ தங்கச்சி. இப்ப உன்கிட்ட எனக்குப் பேச ஏலாது” என்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கடையில் சுகந்தினி செத்தவர்களின் படங்களைத் தேடினாள். அந்த ஒரு பட்டனில் செய்தவை இன்னும் பல இருந்தன. நம்பர் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்துச் சொன்னாள். சிலர் ஏசினார்கள், சிலர் வேறு படம் வாங்கிப் போனார்கள். றக்வானப் பக்கத்திலிருந்து மருதாயி என்று ஒரு தாய், வெளிநாட்டில் செத்துப் போன மகளுக்குப் படம் செய்தவள், நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“இருக்கட்டும் சாமி. இதுல அவ நல்லா கொழுகொழுன்னு இருக்கா. நான் அவள அப்படிப் பாத்ததே இல்ல.”

“அது அவங்க முகமில்லைங்கம்மா.”

“தெரியும் சாமி” என்று சொல்லி அந்தத் தாய் போனை வைத்துவிட்டாள்.

சுகந்தினி போனைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். கவுண்டரில் யாரோ பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதாக நானா கூப்பிட்டார். அந்த மகளின் படத்தை மாற்றாமல் அப்படியே மூடிவிட்டு அவள் எழுந்தாள்.