கொப்பியில இருந்த ரெண்டாவது பேர்

பொய் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. றொஜிதன் அந்தக் கொப்பியில சுபாங்கன்ர பேரையும் சேத்து எழுதினது ஆரையும் ஏமாத்தவெண்டில்லை. எங்கட சனம் கலியாண வீட்டுக்குப் போகேக்க காசுக் கவரில வராத ஆக்களின்ர பேரையும் எழுதுறதில்லையோ? லண்டனில நிக்கிற மூத்தவன், காய்ச்சலோட படுத்திருக்கிற அப்பா, எல்லாரும் வந்தமாதிரித்தானே. அப்பிடித்தான் இதுவும். ஆனா கவரைத் திறக்கிறவை ஒருத்தரும் "அவர் எங்க நிண்டவர், நான் காணேல்லையே" எண்டு கேக்கமாட்டினம். ஹென்னிங் கேட்டுப்போட்டார்.

பொறுங்கோ, விமானத்தைச் சொல்லாமல் ஹென்னிங்குக்குப் போயிட்டன்.

றொஜிதன் டென்மார்க்கில ஸ்கீவ எண்ட ஊரில இருக்கிறவன். இருபத்தேழு வயசு, ஜன்னல் செய்யிற பக்ரறியில வேலை. அவனும் சுபாங்கனும் ஒரே பக்ரறி, ஒரே சிப்ற், ஒரே பைத்தியம். ரெண்டு பேருமாச் சேந்து ஒரு குட்டி விமானத்துக்கு ஓடர் குடுத்தவங்கள். ரெண்டு பேர் இருக்கிற சைஸ். அது விமானமா வராது, பெட்டி பெட்டியா வரும். அலுமினியத் தகடு, குழாய், ஆயிரக்கணக்கில றிவெற் ஆணி, பைபிள் தடிப்பில ஒரு வரைபடப் புத்தகம். மிச்சத்தை நீங்கள்தான் வீட்டில வைச்சுப் பூட்டவேணும். றொஜிதன் வாடகைக்கு இருந்த வீட்டுக் கறாஜில போன வருசம் பெப்ரவரியில பெட்டி வந்து இறங்கிச்சுது. ரெண்டு பேரும் பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு படமெடுத்தாங்கள்.

மூண்டு கிழமை. சரியா மூண்டு கிழமை சேந்து வேலை செய்தாங்கள். பேந்து சுபாங்கனுக்கு லண்டனில கலியாணத்துக்குப் பொம்பிளை சரிவந்திட்டுது, அங்கயே குடிபோக வெளிக்கிட்டான்.

"மச்சான், மாசத்துக்கு ஒருக்கா வருவன்ரா. ரெண்டு மணித்தியாலப் பிளைற்தானே. இஞ்சையே இருக்கிற இஷொய்க்கு ட்றெயினில போறதை விடக் கிட்ட."

"வா வா. நீ வராமல் நான் வாலைப் பூட்டமாட்டன்."

வால் பூட்டி முடிஞ்சுது. சுக்கான் முடிஞ்சுது. ஒரு சிறகு முடியப்போகுது. சுபாங்கன் வரேல்லை. பிள்ளை பிறந்திட்டுது, வீடு மாறவேணும், லீவு இல்லை, எல்லாம் உண்மையான காரணம்தான். அதுதான் கூடச் சங்கடம். ஒரு கள்ளக் காரணம் சொன்னாலும் கோவிக்கலாம்.

இந்தக் கொப்பி என்னெண்டா, வீட்டில விமானம் கட்டுறவை வேலை செய்யிற ஒவ்வொரு நாளும் எழுதவேணும். என்ன செய்தது, எத்தினை மணித்தியாலம், ஆர் செய்தது. பேர் எழுதுற இடத்தில றொஜிதன் முதல் நாள் எழுதினது "றொஜிதன், சுபாங்கன்". சுபாங்கன் போன அடுத்த நாளும் கை அப்பிடியே எழுதிப்போட்டுது. வெட்டுவமோ எண்டு பாத்தான். வெட்டினா அவன் போனது உறுதியாயிடும்போல கிடந்துது. விட்டுட்டான். பேந்து வேலை செய்த ஒவ்வொரு நாளும் அப்பிடியே. நூற்றிப் பதினெட்டு நாள்.

இப்ப சிக்கலுக்கு வாறன். சிறகைத் தகட்டால மூட முதல், விமானம் கட்டுறவையின்ர கிளப்பில இருந்து ஒரு ஆள் வந்து உள்ளுக்குப் பாத்துக் கையெழுத்து வைக்கவேணும். மூடினாப் பிறகு ஒருத்தருக்கும் தெரியாதுதானே. அந்த ஆள்தான் ஹென்னிங், அறுபது வயசு, முந்தி விமான மெக்கானிக். ஒக்டோபரில அவர் வாறது இந்த வருசத்துக்குக் கடைசி. அண்டைக்குக் கையெழுத்து விழேல்லையெண்டா சிறகு ஏப்ரல் மட்டும் வாய் பிளந்தபடி கிடக்கும். இன்னொரு குளிர்காலம் அந்தக் கறாஜுக்க, ஒண்டும் முன்னேறாமல்.

சனிக்கிழமை காலமை ஹென்னிங் வந்தார். றொஜிதன்ர அம்மா அருள்நாயகி முதல் நாளே ஒரு பெட்டி றோல்ஸ் குடுத்துவிட்டவ. மனுசன் ரெண்டைச் சாப்பிட்டு, மூக்கைத் துடைச்சுப்போட்டு, ரோச்சும் தடியில பூட்டின குட்டிக் கண்ணாடியும் எடுத்துச் சிறகுக்குள்ள தலையை விட்டார்.

"வடிவான வேலை," எண்டார்.

றொஜிதனுக்கு முதுகு நிமிந்துது.

"ஆனா இதில ஆறு றிவெற் சரிஞ்சு கிடக்கு."

எங்கயெண்டா, சிறகை உடம்போட பூட்டுற பக்கம். மற்ற இடமெல்லாம் ஒரு ஆள் தனிய இழுத்து அடிக்கலாம். அந்த இடத்தில மட்டும் ரெண்டு பேர் வேணும். ஒருத்தன் வெளியில நிண்டு காத்துத் துவக்கால றிவெற்றின்ர தலையில அடிக்க, மற்றவன் உள்ளுக்க அதின்ர நுனியில ஒரு இரும்புக் கட்டியை அமத்திப் பிடிக்கவேணும். றொஜிதன் என்ன செய்தவன்? ஓட்டைக்குள்ளால இடக்கையை முழுசா விட்டு இரும்பைப் பிடிச்சு, வலக்கையால வெளியில அடிச்சவன். கன்னம் தகட்டில ஒட்டி, சிறகைக் கட்டிப்பிடிச்சமாதிரி. அறுபத்தினாலு றிவெற், நாலு நாள். தூரத்தில இருந்த ஆறுக்குத்தான் கை நேரா எட்டேல்லை.

ஹென்னிங் கொப்பியைப் புரட்டினார்.

"சுபாங்கனோ இரும்பு பிடிச்சது?"

"ஓம்."

"எத்தினை அடி உயரம் ஆள்? எதிர்ப்பக்கம் நிண்டு பிடிக்கிறவன் இப்பிடிச் சரிச்சுப் பிடிக்கமாட்டான்."

"அவன்... இண்டைக்கு வேலை."

"பரவாயில்லை, போன் எடு. எது எதுக்கு அடிக்கேக்க இரும்பு கையில துள்ளினது எண்டு அவனுக்கு நினைவிருக்கும். ஒண்டு ரெண்டு கேள்விதான்."

றொஜிதன் எடுத்தான். வேறை என்ன செய்யிறது? ஸ்பீக்கரில போட்டான், தமிழ் அவருக்கு விளங்காதுதானே.

"டேய் மச்சான்! என்ன விடியவெள்ளண? பிள்ளை இப்பத்தான் கண்ணயர்ந்தவன்ரா, மெதுவாக் கதை."

"பாக்க வாற ஆள் வந்து நிக்கிறார். சிறகு."

"சிறகோ? அடேய், அது இன்னும் நடக்குதோ? நான் நீ வித்துப்போட்டாய் எண்டெல்லோ நினைச்சனான்."

றொஜிதன் கொப்பியில கிடந்த பேரைப் பாத்தான்.

"சரி சரி, என்ன வேணும் அந்தாளுக்கு?"

"ஆர் இரும்பு பிடிச்சது எண்டு கேக்கிறார். கொப்பியில உன்ர பேர் கிடக்கு."

"அவ்வளவுதானே? போனைக் குடு. நான்தான் பிடிச்சனான் எண்டு டெனிசில சொல்லிவிடுறன். ஆறு மாசம் பிடிச்சனான் எண்டும் சொல்லுவன், கை உளையுது எண்டும் சொல்லுவன். குடடா!"

பகிடியாத்தான் சொன்னவன். உதவி செய்யவேணும் எண்ட மனசோடதான் சொன்னவன். ஆனா றொஜிதனுக்கு அந்த இடத்திலதான் விளங்கிச்சுது. நூற்றிப் பதினெட்டு நாள் இவன் அவனைக் கறாஜுக்க வைச்சிருந்தவன். அவனுக்கு அந்தக் கறாஜ் இருக்கிறதே நினைவில்லை. வந்து நிக்கேலாதவனுக்கு வந்தனான் எண்டு சொல்ல ஒரு நிமிசம் போதும்.

ஹென்னிங் கையை நீட்டினார், போனைத் தா எண்டு.

"வேண்டாம் மச்சான்," எண்டு தமிழில சொல்லிக் கட் பண்ணிப்போட்டு, றொஜிதன் டெனிசில சொன்னான். "ஒருத்தரும் பிடிக்கேல்லை. நான் தனிய. போன வருசம் பெப்ரவரிக்குப் பிறகு எல்லாம் நான் தனியத்தான்."

வாயால அதை ஒருத்தருக்குச் சொன்னது அதுதான் முதல்தரம். அம்மாவுக்குக் கூட "சுபாங்கன் வந்து போறவன்" எண்டுதான் சொல்லிவைச்சிருந்தவன்.

ஹென்னிங் பேனையைத் திருப்பிச் சட்டைப் பைக்குள்ள செருகினார். கோவமில்லை. இரும்புக் கட்டியைக் கையில எடுத்துப் பாரம் பாத்தார். றொஜிதன் ஒரு கணம் நினைச்சான், இந்த மனுசன் பிடிக்கப்போறார், அரை மணித்தியாலத்தில ஆறையும் முடிச்சிடலாம் எண்டு. அவர் பத்திரமாத் திருப்பி வைச்சார்.

"நான் பிடிச்சா நானே கையெழுத்து வைக்கேலாது. ஆறையும் துளைச்சு எடு. உண்மையா ஒரு ஆளைத் தேடு. கொப்பியில நடந்ததை மட்டும் எழுது. ஏப்ரலில வாறன்." கதவடியில நிண்டு, "றோல்ஸ் திறம். அம்மாவுக்குச் சொல்லு," எண்டுபோட்டுக் காரில ஏறிப் போயிட்டார்.

றொஜிதன் அடிமட்டம் எடுத்து ஒவ்வொரு பக்கமா ரெண்டாவது பேரை வெட்டினான். கிறுக்கேல்லை, நேரா ஒரு கோடு. நூற்றிப் பதினெட்டுக் கோடு. முதல் மூண்டு கிழமையைத் தொடேல்லை, அது நடந்தது. பேந்து துளைக்கிற மெசினை எடுத்து ஆறு றிவெற்றையும் கழட்டினான். அண்டைய தேதி போட்டு, மூண்டு மணித்தியாலம் எண்டு எழுதி, பேர் எழுதுற இடத்தில "றொஜிதன்" எண்டு மட்டும் எழுதினான். மிச்சமா எவ்வளவு வெள்ளை கிடந்துது அந்த வரியில!

போன் மினுங்கிச்சுது. சுபாங்கன்.

"மச்சான் என்ன நடந்தது? ஏன் கட் பண்ணினாய்?"

றொஜிதன் தட்டினான்: "உண்மையைச் சொல்லிப்போட்டன். உன்ர பேரை வெட்டிப்போட்டன். ஆறு றிவெற் மிச்சம், ரெண்டு பேர் வேணும். ஏப்ரலுக்கு முதல்."

அங்கால வாசிச்சாச்சு எண்டு காட்டிச்சுது. சுபாங்கன் எழுதுறான் எண்டு காட்டிச்சுது. நிண்டுது. திரும்ப எழுதுறான். நிண்டுது. அஞ்சு நிமிசம் இதுதான். கடைசியா வந்தது ரெண்டே ரெண்டு சொல்லு: "பாக்கிறன் மச்சான்."

எத்தினைதரம் கேட்ட சொல்லு! ஆனா அந்த அஞ்சு நிமிசம்? சும்மா சாட்டுச் சொல்லுறவன் அஞ்சு நிமிசம் எழுதி எழுதி அழிப்பானோ? நான் சொல்லுறன், அவன் இந்தமுறை வருவான். ஏப்ரலுக்கு ஆறு மாசம் கிடக்கு. நீங்கள் என்ன நினைக்கிறியள், வருவானோ?